லோயர் கேம்ப்பில் நின்ற பச்சை வண்டி

அந்த அழைப்பு வந்தபோது பாண்டீஸ்வரி ஓடைப்பட்டித் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். மருந்தடிக்கிற மோட்டாரின் சத்தத்தில் முதல் இரண்டு தடவை கைப்பேசி அடித்தது கேட்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அம்மா, நான் மிக்கேல் பேசுறேன். லோயர் கேம்ப்புல வாட்டர் சர்வீஸ் ஷெட்டு வச்சிருக்கேன். சார் தவறிட்டாகன்னு நேத்துத்தாம்மா கேள்விப்பட்டேன். ஏலக்கா லாரிக்காரர் ஒருத்தர் சொன்னாரு, உங்க நம்பரும் அவருதான் குடுத்தாரு. சாரு போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்து ஓஞ்சிட்டேன். மனசே சரியில்லம்மா."

அவள் கணவன் சுருளியாண்டி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஏலக்காய் வியாபாரி. மலைமேல் எத்தனையோ பேருக்கு அவனைத் தெரியும். இப்படிப் பிந்திக் கேள்விப்பட்டு அழைப்பவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கென்று இரண்டு வாக்கியங்களை அவள் பழக்கி வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் மிக்கேல் தொடர்ந்தார்.

"ரோட்டை அகலப்படுத்துறாகம்மா. என் ஷெட்டு அதுல போகுது. சாரோட வண்டிய நீங்க எடுத்துக்கிட்டா நல்லது."

"எந்த வண்டி? வண்டி எங்க வீட்டு வாசல்லல்ல நிக்கிது."

"அது சாம்பல் கலரும்மா. இது பச்சை. கூரை எறக்குற வண்டி."

பாண்டீஸ்வரி பந்தலைவிட்டு வெளியே வந்து வரப்பில் நின்றாள். வெயிலில் கண் கூசியது. "சரி, வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கூரை இறக்குகிற வண்டி என்ற சொல்லே அவளை ஆறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ஏலக்காய் விலை யாரும் நினைக்காத உயரத்துக்கு ஏறிய வருடம் அது. கொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்னே, சுருளியாண்டி அவளை ஒரு கார் ஷோரூமுக்குக் கூட்டிப் போனான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரே மாதிரி இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, இரண்டே இருக்கைகள். ஒன்றுக்கு இரும்புக் கூரை. இன்னொன்றுக்குத் துணிக் கூரை. விற்பனைக்காரன் ஒரு பொத்தானை அழுத்தியதும் அந்தத் துணி மெல்ல எழுந்து, பின்னோக்கி மடிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் காணாமல் போனது. சுருளியாண்டி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது ஆளின் முகத்தில் அப்படியொரு பார்வையை அவள் கண்டதில்லை.

அவள்தான் சொன்னாள். "வெயிலு காயிற ஊர்ல, மழை கொட்டுற மலைக்கு அடியில, கூரை இல்லாத வண்டிய வச்சு என்ன செய்யப் போறீக? நாளைக்கு விக்கப் போனா எவன் வாங்குவான்?"

விற்பனைக்காரனும் மறைக்காமல் ஒப்புக்கொண்டான். மலையாளம் கலந்த தமிழில், "சேச்சி பறயுறது சரியாணு. ரீசேல் ஹார்டு டாப்புக்குத்தான் நல்லது" என்றான். சுருளியாண்டி ஒரு நிமிடம் துணிக்கூரை வண்டியைத் தடவிக்கொடுத்தான். பிறகு சிரித்துக்கொண்டே இரும்புக் கூரை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டான்.

அந்தச் சாம்பல் வண்டி மீது அவளுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. போடிமெட்டு வளைவுகளில் அது சாலையைக் கவ்விக்கொண்டு ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே அமைதி. வெளியே மலையும் லாரியும் குரங்குகளும் சத்தமே இல்லாமல் நகரும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அவன் சொல்லுவான்: "நீ சொன்னது சரிதான் பாண்டி. விசாரிச்சுப் பாத்தேன். நம்ம வண்டிக்கு வெலை எறங்கவே இல்ல." அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

இப்போது வரப்பில் நின்றபடி அவள் வேறொன்றை நினைத்தாள். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை. "வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் பாத்துட்டு வாரேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போவான். பொழுது சாய வருவான். தலைமுடி கலைந்திருக்கும், கண் சிவந்திருக்கும். அலைச்சல் என்று நினைத்து அவள் வெந்நீர் போட்டுக் கொடுப்பாள்.

எவள் கலைத்த முடி அது?

ஓசூரில் வேலை பார்க்கிற மகள் பவானியிடம் இதைச் சொல்ல முடியாது. தம்பிமார்களிடம் சொன்னால் ஊருக்கே தெரியும். யோசித்து யோசித்து அவள் கூப்பிட்டது ஜெசியை.

ஜெசி அல்லிநகரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் கடையில் மதிப்புப் போடுகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். போன வாரம்தான் சாம்பல் வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் யாரும் எடுக்காத வண்டி எதற்கு, விற்றுவிடு என்று பவானி சொல்லிக்கொண்டே இருந்ததால் பாண்டீஸ்வரிதான் வரச் சொல்லியிருந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, ஒரு சின்னக் கருவியைக் கதவில் வைத்துப் பெயிண்ட்டின் கனம் பார்த்து, தேவையில்லாத ஒரு வார்த்தை பேசாமல் போன பெண். அந்தக் குணம்தான் இப்போது தேவைப்பட்டது.

மறுநாள் காலை ஜெசியின் காரில் இருவரும் கிளம்பினார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் தாண்டிப் போயின. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வயல்களில் நடவுக்காகத் தொளி அடித்துச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள். கூடலூர் வந்ததும் பாண்டீஸ்வரி கேட்டாள்.

"ஜெசி, ஒரு ஆம்பளை ஒரு வண்டிய வீட்டுக்குத் தெரியாம வச்சிருந்தா, எதுக்கு வச்சிருப்பான்?"

ஜெசி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வண்டிக்கு மட்டுந்தாங்க்கா மதிப்புப் போடுவேன்" என்றாள்.

மிக்கேலின் ஷெட், மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிகிற இடத்தில், கால்வாயை ஒட்டி இருந்தது. மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. மிக்கேல் ஐம்பது வயது ஒல்லி மனிதர். ஈரக் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். பாண்டீஸ்வரியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு ஷெட்டின் பின்பக்கம் நடந்தார். அங்கே காக்கி நிறத் தார்ப்பாய் போர்த்திய ஒரு உருவம் இருந்தது. அவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

சாம்பல் வண்டியேதான். ஆனால் இலைப் பச்சை. தலையில் கறுப்புத் துணிக் கூரை. பாண்டீஸ்வரிக்கு அது கொச்சிக் கண்ணாடிச் சுவரைத் தாண்டி நேரே இங்கே ஓடிவந்து நிற்பது போல இருந்தது.

ஜெசி வேலையைத் தொடங்கினாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியதாக மிக்கேல் சொன்னார். அதனால் பேட்டரி சாகவில்லை. இன்ஜின் முதல் அழுத்தத்திலேயே உறுமியது. டயர்களைத் தட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, கடைசியில் துணிக் கூரையின் மடிப்பை விரலால் பிரித்தாள் ஜெசி.

"இங்கன பாருங்கக்கா, பூசணம். துணிக்கு ஆயுசு கம்மி. இந்தச் சாரல் காத்துக்குத் தாங்காது. ரெண்டும் ஒரே இன்ஜின், ஒரே வருசம். ஆனா உங்க வீட்டு வண்டிக்குக் கெடைக்கிறதுல பாதி கூட இதுக்குத் தேறாது. நம்ம பக்கம் வாங்க ஆளே இல்ல. கொச்சி, கோயம்புத்தூர்னு தேடணும். இரும்புக் கூரை இல்லாததால வளைவுல வண்டியோட பாடி லேசா ஆடும், அதையும் சொல்லி வெலையக் கொறைப்பாங்க."

மிக்கேலுக்கு அது பிடிக்கவில்லை. "ஓட்டிட்டு வந்தவுக மொகத்தை நீங்க பாக்கலைல்ல" என்று முணுமுணுத்தார்.

ஜெசி காதில் வாங்காமல் கதவைத் திறந்தாள். உள்ளே தலையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க."

ஓட்டுநர் இருக்கை தோல் மங்கி, ஒரு ஆளின் உடம்புக்குத் தக்கபடி பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்து இருக்கையின் மேல், தொழிற்சாலையில் மாட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஓரங்கள் கூடப் பிரியவில்லை. கதவு வழியாக வந்த வெளிச்சம் அதன்மேல் விழுந்து பளபளத்தது.

"நம்பரைப் போட்டுப் பாத்தேன், இது கை மாறின வண்டி. மொதல் ஓனர் கொஞ்ச தூரந்தான் ஓட்டியிருக்காரு. அவரும் இதை எடுக்கல, உங்க வீட்டுக்காரரும் எடுக்கல. இந்த சீட்டுல இதுவரைக்கும் யாருமே ஒக்காந்ததில்லக்கா." ஜெசி நிமிர்ந்து பாண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மதிப்புப் போடுகிறவளின் குரலில் மென்மையாகச் சேர்த்தாள், "இதுக்குக் கொஞ்சம் வெலை கூடும்."

பாண்டீஸ்வரி மிக்கேல் பக்கம் திரும்பினாள். "அவுக கூட யாரு வருவாக?"

"யாரும் வர மாட்டாகம்மா. தனியாத்தான். ஜீப்பை நிப்பாட்டிட்டு, போனை எங்கிட்டக் குடுத்துருவாக. கூரைய எறக்குவாக. போயிருவாக. கம்பம் வரைக்கும் போவாக, ஒரு நாள் மேல குமுளி வரைக்கும் போவாக. ரெண்டு மணி நேரத்துல பாடிக்கிட்டே வருவாக. பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிச்சு கேட்டைத் திறப்பேன்."

"பாடுவாகளா?"

"நல்லாவாம்மா பாடுவாக? சும்மா கத்துவாக." மிக்கேல் சிரிக்க நினைத்து நிறுத்திக்கொண்டார். "அந்த சீட்டு உறைய எடுத்துரட்டுமா சார்னு ஒரு தடவ கேட்டேன். வேணாம், அது அவ சீட்டு, அவளுக்கு இந்த வண்டி பிடிக்காதுப்பான்னாக."

ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குப் பாண்டீஸ்வரியின் நெஞ்சு லேசானது. நேற்றிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த அந்த முகம் தெரியாத பெண் எழுந்து போய்விட்டாள். அடுத்த மூச்சில் கோபம் வந்தது. அப்படியொரு கோபத்தை அவள் இருபத்தெட்டு வருட மண வாழ்க்கையில் அவன்மேல் கொண்டதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். அவன் இந்த வண்டியை வாங்கிய தாள் உள்ளே இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. ஷோரூமில் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவு. வாங்க ஆளில்லாமல் நின்ற வண்டியை அவன் அடிமாட்டு விலைக்கு எடுத்திருக்கிறான். அன்று அவள் சொன்னது எத்தனை சரி என்று அந்தத் தாளே சொன்னது. அதைப் படிக்கப் படிக்க அவளுக்கு அழுகை முட்டியது.

தாளை மடித்து வைத்துவிட்டு, இருக்கையின் பிளாஸ்டிக்கில் விரலைக் கொடுத்து இழுத்தாள். அது சடசடவென்று கிழிந்தது.

"அக்கா! அது இருந்தாத்தான்..." என்று ஜெசி தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

முழுவதும் கிழித்து மிக்கேலின் கையில் கொடுத்துவிட்டு பாண்டீஸ்வரி அதில் உட்கார்ந்தாள். புதுத் தோலின் வாசனை எழுந்தது. காலை நீட்டிக்கொண்டாள். காலியான ஓட்டுநர் இருக்கையை வெகுநேரம் பார்த்தாள். மற்ற இருவரும் கால்வாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

எழுந்து வந்தபோது அவள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். "மிக்கேலு, கூரைய எறக்குங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்."

"மேல மேகம் எறங்குதுக்கா" என்றாள் ஜெசி. "கூரைய ஏத்திக்கிட்டே போங்க. இல்லைன்னா நான் ஆளை அனுப்பி எடுத்துக்கிடுறேன்."

"இருவது வருசமா தோட்டத்து லோடு வண்டிய ஓட்டுறவ நான். நீ பின்னாடி வா."

துணி எழுந்து, மடிந்து, மறைந்தது. தலைக்கு மேல் இருந்ததெல்லாம் ஒரே நொடியில் வானமானது.

முதல் கொஞ்ச தூரம் பயந்துகொண்டேதான் ஓட்டினாள். வண்டி இவ்வளவு தாழ்வு என்பதால் லாரிச் சக்கரங்கள் தோளுக்கு நேராக வந்தன. வேகத்தடைகளைச் சாய்வாக ஏற வேண்டும் என்று சாம்பல் வண்டியில் அவன் ஏறிய விதத்தை நினைத்துக்கொண்டு ஏறினாள். அப்படியும் ஒன்றில் அடி உரசியது. கூடலூர் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் காலைக் கொஞ்சம் அழுத்தினாள்.

இந்தச் சாலையில் அவள் ஆயிரம் தடவையாவது போயிருப்பாள். பேருந்தில், ஜீப்பில், லோடு வண்டியில், சாம்பல் வண்டியின் கண்ணாடிக்குள். ஆனால் இது வேறு ஒரு சாலை. கால்வாய்த் தண்ணீரின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. தொளியடித்த சேற்றின் மணம் வந்தது, போனது. புளிய மரங்களின் நிழல் ஒவ்வொன்றாக மடியில் விழுந்து நழுவியது. எங்கோ ஒரு பந்தலில் அடித்த கந்தகத்தின் நெடி, அதன் பின்னாலேயே பரோட்டாக் கல்லின் எண்ணெய், பிறகு எதிரே வந்த லாரியிலிருந்து ஏலக்காய். வாசனைகளுக்கு நடுவே இவ்வளவு சின்ன இடைவெளிதான் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. கொண்டை அவிழ்ந்தது. அவிழட்டும் என்று விட்டாள். முடி முகத்தில் அடித்தது, கண் எரிந்தது. சிவந்திருக்கும், நிச்சயம் சிவந்திருக்கும்.

கம்பத்தில் போக்குவரத்து நின்றது. பூக்கூடையோடு சாலையைக் கடந்த ஒரு பெண் வண்டியின் விளிம்பில் கை வைத்து நின்று உள்ளே பார்த்தாள். "ஏத்தா, இதுக்கு மூடி இல்லையா?"

"இருக்கு. கழட்டி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திராமல் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அவள் மடியில் போட்டாள். அவிழ்ந்த முடியோடு ஒருத்தி போவதைப் பார்க்கச் சகிக்கவில்லையோ என்னவோ. "வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். பதினான்கு மாதமாக யாரும் அவளுக்குப் பூ கொடுத்ததில்லை. பின்னால் ஆரன் அடித்தார்கள். அவள் பூவைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

உத்தமபாளையத்துக்கு முன்னால் சாரல் பிடித்துக்கொண்டது. நிறுத்திக் கூரையை ஏற்றலாம் என்று பார்த்தால், தலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. முன்கண்ணாடியில் மழை ஓடுகிறது, தோளுக்கு மேலே கையை உயர்த்தினால் விரல் நனைகிறது, அவள் நனையவில்லை. காற்று மழையைத் தூக்கி அவளுக்கு மேலாக எறிந்துகொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் கூரை தேவையில்லை. இதை அவன் கண்டுபிடித்த நாளில் என்ன கத்து கத்தியிருப்பான் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டிருப்பான். வாய்வரை வந்ததை வெந்நீரோடு சேர்த்து விழுங்கியிருப்பான்.

"ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா?" என்று சத்தமாகவே கேட்டாள். காற்றில் அவள் குரல் அவளுக்கே பாதிதான் கேட்டது. "பிடிக்காதுன்னு நான் எப்பச் சொன்னேன்? வெலை போகாதுன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? ஏறிப் பாருடின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? ரெண்டு வசவு வஞ்சிருப்பேன். வஞ்சுட்டு ஏறியிருக்க மாட்டேனா?"

திட்டத் திட்டத் தொண்டை திறந்துகொண்டது. சாலை நேராக இருந்தது. மேற்கே மலை முழுவதும் வெள்ளையாக மறைந்து, மேகத்துக்கு நடுவில் ஒரே ஒரு பாறை மட்டும் மிதந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு, தலை குனிந்து திட்டு வாங்குவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் போய்விடுவான் என்று திரும்பாமல் ஓட்டினாள். அந்த மயக்கம் எவ்வளவு தூரம் நீடித்ததென்று அவளுக்குத் தெரியாது.

சின்னமனூருக்கு முன்னால் செம்மறிக் கூட்டம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு கடந்தது. வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நின்ற மறுகணம் மழை மொத்தமாக அவள் தலையில் இறங்கியது. மூச்சு வாங்கி, முகத்தை வழித்துக்கொண்டு, அவள் சிரிக்கத் தொடங்கினாள். ஜெசி பின்னாலிருந்து குடையோடு ஓடிவந்தபோது பாண்டீஸ்வரி தொப்பலாக நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் வண்டியின் இரண்டு பக்கமும் அவளை முறைத்துப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தன.

அன்று மாலை பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவானி முதலில் அழுதாள். பிறகு, "ரெண்டையும் வித்துரும்மா, உனக்கு எதுக்கு" என்றாள். ஜெசி இரண்டு வண்டிக்கும் மதிப்பெழுதி அனுப்பினாள். கணக்கில் எந்தக் குழப்பமும் இல்லை. சாம்பல் வண்டிக்குப் பத்து நாளில் தொடுபுழாவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், ஜெசி சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார். பச்சை வண்டியை யாரும் கேட்கவில்லை.

சாம்பல் வண்டியை டாக்டரிடம் ஒப்படைக்க அல்லிநகரத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அவன் இறந்தபின் பூட்டியே கிடந்த வண்டி அது; பேட்டரி மட்டும் புதிதாக மாட்டியிருந்தார்கள். ஜெசி வந்து பார்த்தபோதுகூட அவள் உள்ளே ஏறவில்லை. கதவைச் சாத்தியதும் திடுக்கிட்டாள். அவன் உள்ளே இருந்தான். பின்னால் வைத்துக்கொண்டு திரிந்த ஏலக்காய் சாம்பிள் பைகளின் மணம், அவன் பூசுகிற சந்தனப் பவுடர், லேசான வியர்வை, எல்லாம் பதினான்கு மாதம் கண்ணாடிக்குள் அப்படியே அடைபட்டுக் கிடந்தது. பச்சை வண்டியில் அவன் வாசனை ஒரு துளி இல்லை. அதில் எதுவும் தங்கவில்லை, எல்லாவற்றையும் காற்று கொண்டு போயிருந்தது.

பாதி வழியில் சாலையோரம் நிறுத்தினாள். விற்கவேண்டாம், திருப்பிவிடலாம் என்று தோன்றியது. மூச்சை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டாள். இந்த வாசனை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கும்? அதைக் காப்பாற்ற வேண்டுமானால் கதவைத் திறக்கவே கூடாது. திறக்காத கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே அவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவன் கத்திக்கொண்டு திரிந்த ஆள் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அவனைப் போய் இதில் பூட்டி வைப்பதா?

இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டாள். வீரபாண்டி தாண்டி, முல்லையாற்றுப் பாலம் தாண்டி, அல்லிநகரம் வரும்வரை காற்று உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டே இருந்தது. கண்ணீர் காது வரை போய்க் காய்ந்தது. கடை வாசலில் சாவியை நீட்டியபோது டாக்டர், "வண்டிய நல்லா பத்திரமா வச்சிருக்கு" என்றார். அவள் தலையசைத்தாள்.

"பச்சை வண்டிக்கு ஒரு ஆள் மாட்டியிருக்கான்க்கா, கோயம்புத்தூர்" என்று ஜெசி ஆரம்பித்தாள்.

"அதுக்குக் கூரைத் துணி எங்க மாத்துவாக? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு."

"கொச்சிலதாங்க்கா" என்றாள் ஜெசி. "அதுக்கு ஆகுற செலவு திரும்பி வராது. சொல்லிட்டேன்."

ஆடி மாதம் நடுவில் துணி மாற்றி வந்தது. ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். தாலியறுத்தவ தலைவிரிச்சுக்கிட்டு கார் ஓட்டுறா என்று ஒருத்தி சொன்னதாகக் காதுக்கு வந்தது. பாண்டீஸ்வரி கேட்டுக்கொண்டாள், பதில் சொல்லப் போகவில்லை. சனிக்கிழமைகளில் கொடிகளைக் கவாத்து வெட்டும் வேலை முடிந்து ஆட்கள் போனதும் வண்டியை எடுப்பாள். பெரும்பாலும் தனியாக.

ஒரு சனிக்கிழமை இருளம்மாள் தோட்டத்து வாசலில் வண்டியை மறித்து நின்றாள். பந்தலில் கொடி கட்டுகிறவள், பாண்டீஸ்வரியைவிடப் பத்து வயது இளையவள். காலையிலிருந்து கையைத் தூக்கியே வேலை செய்ததில் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கூடலூர்ல என் மக வீட்டுல விட்டுர்றியா? பஸ்ஸுக்கு நிக்க முடியல."

"ஏறு."

"இதுலயா? எல்லாரும் பாப்பாகளே."

"பாக்கட்டும். ஏறு."

இருளம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். சின்னமனூர் வரைக்கும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தெரிந்தவர்களைக் கண்டால் குனிந்துகொண்டு வந்தாள். பிறகு முந்தானை தானாக நழுவியது. அவள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் தாழ்ந்து, மலையின் நிழல் பள்ளத்தாக்கின் பாதிவரை நீண்டு வந்திருந்தது. நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் நின்று, அதில் மேகங்கள் ஊர்ந்தன.

"யக்கா, அந்தா ஒரு பருந்து. நம்ம கூடவே வருது" என்றாள் இருளம்மாள்.

உத்தமபாளையம் தாண்டிப் பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கிப் போயிருந்தாள். தலை இருக்கையில் சாய்ந்து, முகம் வானத்தைப் பார்த்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. திராட்சைக் கொடியின் கறை படிந்த கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. பாண்டீஸ்வரி வேகத்தைக் குறைத்து, அடுத்து வந்த வேகத்தடையில் வண்டியைச் சாய்த்து, அவள் தலை ஆடாமல் மெல்ல மெல்ல ஏற்றி இறக்கினாள்.